இழுக்கும் பக்கமும் பழுதான பக்கமும்

பிறேக்கை மிதிக்கும்போது கார் வலப்பக்கமாக இழுத்தால், பழுது வலப்பக்கச் சில்லில்தான் இருக்கிறது என்றே பலரும் முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. வலப்பக்கச் சில்லு தன் வேலையைச் செய்கிறது. செய்யாமலிருப்பது இடப்பக்கச் சில்லு. ஒன்று பிடிக்க, மற்றது பிடிக்காமல் உருள, வண்டி பிடிக்கும் பக்கத்துக்குத் திரும்புகிறது. இதை எனக்குக் கண்ணெதிரே காட்டித் தந்தவர் முருங்கனில் ஒரு கராஜ்காரர். ஆண்டு 2011.

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் ஏ 14 வீதியில், கட்டுக்கரைக் குளத்தின் நீரால் வாழும் வயல்வெளிகளின் நடுவே இருக்கிறது முருங்கன். அதன் மண் கனத்த களிமண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் இங்கிருந்துதான் ரயிலில் களிமண் சென்றது. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் சேவை 2015 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இப்பகுதி மக்களுக்கு வீதியை விட்டால் வேறு வழி இல்லை. நோயாளியானாலும் மணமக்களானாலும் பேருந்திலோ வாடகைக் காரிலோதான் போகவேண்டும்.

சிலாவத்துறைப் பக்கத்தில் மீள்குடியேறிய மக்களைச் சந்திப்பதற்காக நான் அமர்த்திய வாடகைக் கார் ஒரு மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் பிறந்த இந்த ரகக் கார்கள் ஈழத்து வீதிகளில் எத்தனை காலம் ஓடின என்பது என் தலைமுறைக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபறேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என்ஜினின் இந்தச் சாதனை ஊரெங்கும் பேசப்பட்டது, பத்திரிகைகளிலும் வந்தது. அதே காரின் பிறேக் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஓடுவது செய்தியாகும். நிற்பது செய்தியாவதில்லை, நிற்காமற்போகும் நாள் வரும்வரை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் மாடுகள் குறுக்கிட்டன. சாரதி பிறேக்கை மிதித்தார். கார் வலப்பக்கம் பாய்ந்தது. வலப்புறத்தில் வாய்க்கால். எதிரே வாகனம் எதுவும் வராதபடியால் தப்பினோம். நாற்பது வயது மதிக்கத்தக்க அந்தச் சாரதி அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடிப்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

“போன மாதம் வேறொரு கராஜில வலது சில்லுக்குப் புது லைனிங் போட்டனான் ஐயா. அதுக்குப் பிறகு இன்னும் கூடத்தான் இழுக்குது,” என்றார்.

பயணத்தை நிறுத்தி முருங்கனுக்குத் திரும்புமாறு கேட்டுக்கொண்டேன்.

அங்கே கராஜ் வைத்திருந்தவர் அறுபதைக் கடந்தவர். அவர் கேட்ட முதற்கேள்வி, “சும்மா ஓடேக்கையும் இழுக்குதோ, பிறேக் பிடிக்கேக்கை மட்டுமோ?” என்பது. எப்போதும் இழுத்தால் ரயரின் காற்றையும் சில்லுகளின் நேர்சீரையும் பார்க்கவேண்டும். நமது வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்தவை. ஆகையால் இடப்புறம் செல்லும் வண்டி இயல்பாகவே சற்று இடப்பக்கம் ஒதுங்கும். பிறேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் தேடவேண்டிய இடம் பெரும்பாலும் பிறேக்தான். முன்சில்லைத் தாங்கும் கம்பிகளின் றப்பர் தேய்ந்திருந்தாலும் அப்படி நேரலாம்.

முதலில் நான்கு ரயர்களிலும் காற்றை அளந்தார். சமமாக இருந்தது. பின்னர் தாமே காரைச் சிறிது தூரம் ஓட்டிச் சென்று, பலமுறை பிறேக் பிடித்துத் திரும்பி வந்து, முன்சில்லுகளின் அருகே புறங்கையை நீட்டினார். தொட்டுவிடவில்லை. சூடான ட்றம் கையைச் சுட்டுவிடும். வலப்பக்கத்தில் அனல் வீசியது. இடப்பக்கம் வெறும் வெயிற்சூடு. உராய்வு இருந்தால் வெப்பம் இருக்கும். வெப்பம் இல்லாத இடத்தில் வேலை நடக்கவில்லை.

காரின் முன்பகுதியை ஜாக்கில் உயர்த்தி, தாங்கிக் கட்டைகளை வைத்து, சில்லை ஒரு கையால் சுழற்றியபடி சாரதியைப் பிறேக் மிதிக்கச் சொன்னார். வலது சில்லு உடனே நின்றது. இடது சில்லு சோம்பலாகச் சுழன்று தானாக ஓய்ந்தது. அடுத்துச் செய்த சோதனையே நோயின் இருப்பிடத்தைக் காட்டியது. இடப்பக்கத்தில் காற்று எடுப்பதற்கென்று உள்ள சிறிய ஆணியைத் தளர்த்தி மீண்டும் மிதிக்கச் சொன்னார். பிறேக் ஒயில் வேகமாகப் பீறிட்டது. ஆகவே சில்லுவரை அழுத்தம் வந்து சேர்கிறது. றப்பர் குழாய் அடைபட்டிருந்தால் ஒயில் கசிந்திருக்குமே தவிரப் பீறிட்டிராது. குற்றவாளி அதற்கு அப்பால், ட்றமுக்குள் இருக்கிறான்.

மொறிஸ் மைனரின் ஒவ்வொரு முன்சில்லிலும் இரண்டு சிறு சிலிண்டர்கள் உண்டு. ட்றமைக் கழற்றியபோது இரண்டின் பிஸ்டன்களும் துருவேறி இறுகிக் கிடந்தன. களிமண் தூள் உள்ளே அப்பியிருந்தது. பிறேக் ஒயில் பழைய தேநீரின் நிறத்தில் இருந்தது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். இந்தக் காரில் ஒயிற் தாங்கி சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழே இருக்கிறது. கண்ணிற் படாத இடத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

வலப்பக்கத்துக்கு மட்டும் புது லைனிங் போட்டவர் யாராயினும், ஏற்கனவே பலமாக இருந்த பக்கத்தை மேலும் பலப்படுத்தியிருந்தார். இடப்பக்கமோ தொடப்படாமலே கிடந்தது. செலவழித்த பணத்துக்குச் சாரதி பெற்ற பலன், இன்னும் கூடிய ஆபத்து.

அடுத்த நாள் விடியற்காலை ஒரு நோயாளியை அனுராதபுரம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சாரதி ஒப்புக்கொண்டிருந்தார். “இப்போதைக்குப் பூட்டித் தாங்கோ அண்ணை. வந்து செய்விக்கிறன்,” என்று கெஞ்சினார். அந்த ஓட்டத்தை இழந்தால் அந்த வாரத்து வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். கராஜ்காரர் இரண்டு சிலிண்டர்களையும் கழற்றி ஒரு மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுவிட்டு, “நோயாளியைக் கொண்டுபோற கார் முதல்ல தான் சுகமா இருக்கவேணும் தம்பி,” என்றார். நோயாளிக்கு ஒரு வானை ஒழுங்கு செய்து கொடுத்தவரும் அவர்தான். உதிரிப்பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர மூன்று நாட்களாயின. இருபக்கச் சிலிண்டர்களும் இருபக்க லைனிங்கும் ஒரேநாளில் மாற்றப்பட்டன என்று சாரதி பின்னர் தொலைபேசியில் சொன்னார். நான் பேருந்தில் என் வேலையை முடித்துக்கொண்டேன்.

மொறிஸ் மைனர் பழங்கதை என்று வெளிநாட்டு வாசகர்கள் கருதவேண்டாம். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பு, மன்னார்க் கடற்காற்றின் உப்பு செய்யும் வேலையையே செய்கிறது. இன்றைய டிஸ்க் பிறேக்கில் கலிப்பர் வழுக்கி நகரவேண்டிய ஊசிகள் துருவால் இறுகினால் கார் அதேபோல மறுபக்கம் இழுக்கும். பிறேக்கை விட்ட பின்னும் ஒரு சில்லு சூடாகவே இருந்தால், அது விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உட்புறம் வீங்கிய றப்பர் குழாய் ஒயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுப்பதும் அதற்கு ஒரு காரணம். லைனிங்கில் கிறீஸோ ஒயிலோ பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றவேண்டும். எதை மாற்றினாலும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். பிறேக் ஒயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். ட்றம் பிறேக் உள்ள வண்டி வெள்ளத்தைக் கடந்த பின், மெதுவாக ஓட்டியபடி பிறேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தி ட்றம்களை உலர்த்துவது நல்லது. ஒரு பக்கம் முந்தி உலர்ந்தால் அதுவரை வண்டி இழுக்கும்.

கராஜுக்குச் செல்லும்போது “வலது சில்லைப் பாருங்கள்” என்று சொல்லாதீர்கள். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு இழுக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். திருத்துபவர் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், மற்றப் பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள். ஸ்ரியறிங்கை ஒடித்துப் பிடித்து ஓட்டப் பழகிக்கொள்வதை மட்டும் செய்யவேண்டாம். அந்தப் பழக்கம் காலியான வீதியில்தான் காப்பாற்றும்.