வெளிநாடெல்லாம் வரும்

யுத்தம் முடிந்த பிறகு சில வருஷம் நான் டிஷ் பூட்டிப் பிழைத்தேன். முதலில் வவுனியாவில், பிறகு கிளிநொச்சியில். கைக்கு வந்த காசில் ஒரு பங்கு உழைப்புக்கு, ஒரு பங்கு பொய்க்கு. பொய்க்கு வந்த காசைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சின்னப் பொய்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை பதினொரு மணியளவில், சூரியன் நேரே செய்மதிக்குப் பின்னால் வரும். சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிப்போகும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். பத்து நிமிஷத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். இது எனக்குத் தெரியும், டிஷ் வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. அடுத்த நாளும் நின்றால் கூப்பிடுவார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் ஏணியில் ஏறுவேன். ஒரு நட்டைத் தளர்த்தி அதையே திரும்ப இறுக்கிவிட்டு, "இப்ப பாருங்கோ" என்பேன். படம் வந்திருக்கும். 500 ரூபா.

2010 ஜூலையில் இன்சாட் 4பி செய்மதிக்கு மின்சாரக் கோளாறு வந்து அதன் அலைபரப்பிகளில் பாதி நின்றுபோனது. அதில் வந்த இந்திய டிஷ் சேவை சன் டைரக்ட், கிழக்கு 93.5 பாகையை விட்டு, 91.5 பாகையில் இருந்த மீசாட் 3க்கு மாறியது. இந்தியாவில் ஏதோ ஒரு விலாசத்தில் பதிந்து கடல் கடந்து வந்த பெட்டிகள்தான் எங்கள் பக்கம் நிறைய. முறையான வழியில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு இருந்தது. டிஷ்ஷை இரண்டு பாகை திருப்பினால் வேலை முடிந்தது. நான், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற எல்என்பியைக் காட்டி, "எல்என்பி எரிஞ்சு போச்சு" என்று சொல்லிப் புதிசு விற்றேன். கழற்றிய நல்ல எல்என்பியைத் துடைத்து இன்னொரு வீட்டில் பூட்டினேன்.

இதையெல்லாம் சொல்ல எனக்குப் பெரிய வெட்கமில்லை. தொழிலில் நடக்கிறதுதான் என்று மனம் ஒரு சமாதானம் சொல்லிவிடும். சமாதானம் வராத கதை வேறு.

ஆட்கள் டிஷ் வாங்க வந்தால் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை அடி நல்லம்?" உண்மையான பதில் இதுதான்: எந்தச் சனல் வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். சனலைத் தீர்மானிப்பது எந்தச் செய்மதியைப் பார்க்கிறோம், என்ன எல்என்பி, என்ன ரிசீவர் என்பவை. டிஷ்ஷின் அகலம் சிக்னலை அள்ளிக் குவிக்க மட்டும்தான். கேயூ பாண்ட் என்றால் இரண்டடி போதும். மாரியில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் படம் போகும், மழை விட வரும். சி பாண்ட் மழைக்கு அசையாது, ஆனால் ஆறடி எட்டடி வேண்டும். அவ்வளவுதான். நானோ, "பெரிசு போட்டால் கூடச் சனல்" என்பேன். எட்டடிக்குக் கொமிசன் கூட.

சனம் நம்பியதில் பிழையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாட வைத்து பிபிசி தமிழோசை கேட்ட சனம் இது. காற்றில் வருவதைப் பிடிக்கப் பாடுபட வேண்டும், கூடப் பாடுபட்டால் கூடப் பலன் என்று அனுபவத்தில் கண்டவர்கள். போதாததற்கு 2005 முதல் வன்னியிலிருந்தே தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியாக வெளிநாட்டுக்குப் போனது. 2007இல் இன்டெல்சாட் நிறுவனம் தன் செய்மதியில் அதை நிறுத்தும்வரை பாரிசிலும் லண்டனிலும் பார்த்தார்கள். தருமபுரம் பக்கம் ஓர் அம்மா என்னிடம் கேட்டதும் அதுதான்: "இங்கையிருந்து லண்டனுக்குப் போனது, லண்டனிலையிருந்து இங்கை வராதோ தம்பி?"

அது 2013. அவரின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் போனவன், பிறகு தகவல் இல்லை. லண்டனில் இருக்கும் அம்மாவின் தங்கை தொலைபேசியில் சொல்லியிருக்கிறா, பிடிபட்ட பிள்ளைகளை அங்கே ரிவியில் காட்டுகிறார்களாம். பிரித்தானியாவின் சனல் 4 தன் 'ஸ்ரீலங்காவின் கொலைக்களங்கள்' படத்தை 2011 ஜூன் 14 அன்று காட்டியது, அதன் பிறகும் தொடர்ந்து படங்கள் வந்தன. அம்மாவுக்கு வேண்டியது அந்தச் சனல். நாடகமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

"எட்டடி போட்டால் வெளிநாடெல்லாம் வரும் அம்மா" என்றேன்.

வராது என்பது எனக்குத் தெரியும். பிரித்தானியச் சனல்கள் ஏறும் செய்மதிகள் 28.2 பாகையில் நிற்கின்றன. எங்கள் வானத்திலும் மேற்கே, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் அவை இருக்கின்றன. ஆனால் அந்தச் சனல்களின் கதிரைப் பிரித்தானியா பக்கம் குவித்து விடுகிறார்கள். எத்தனை அடி போட்டாலும் வன்னியில் அந்தப் படம் விழாது.

32,000 ரூபா. வீட்டுத்திட்டக் காசு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அதைக் கட்டம் கட்டமாகத்தான் வங்கியில் போடுவார்கள், சுவர் இவ்வளவு எழும்பினால்தான் அடுத்த தொகை. அம்மாவின் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. சீமெந்துக்கு வைத்திருந்த காசைத்தான் எண்ணித் தந்தா. முற்றத்தில் கல்லறுத்த மண் குவிந்து கிடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் வாங்கினேன்.

டிஷ்ஷைப் பூட்டி முதலில் இந்தியப் பக்கம் திருப்பினேன். பொதிகையும் இலவசமாக வருகிற வேறு சில சனல்களும் வந்தன. "இதில்லைத் தம்பி" என்றா. பிறகு நான் செய்ததுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. வன்னியில் டிஷ் மல்லாந்து கிடக்கும். செய்மதி எங்கள் உச்சிக்குக் கிட்ட, 93.5 பாகைச் செய்மதிக்கு 71 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த எட்டடிக் கிண்ணத்தைக் கிளிநொச்சியில் ஒருவரும் காணாத மாதிரி நிமிர்த்தி, மேற்கே சரித்து நிறுத்தினேன். ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே ரிசீவரில் தேடுதலைப் போட்டேன். திரையில் கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறு வீதத்துக்குப் போய், சனல் பூச்சியம் என்று நின்றது. திரும்பப் போட்டேன். அம்மா வாங்கில் இருந்து வெளியே டிஷ்ஷைப் பார்த்து, "லண்டனிலையும் இப்பிடித்தானாம் நிமிந்து நிக்குமாம், தங்கச்சி சொன்னவள்" என்றா. அவாவுக்கு அது நல்ல அடையாளம். "சிக்னல் இழுக்க நாள் எடுக்கும் அம்மா" என்று சொல்லி வெளிக்கிட்டேன். கூப்பிட்டபோதெல்லாம் போனேன், அரை அங்குலம் திருப்பினேன், பெற்றோல் காசு வாங்கினேன். பிறகு அந்த நம்பர் வந்தால் போனை எடுக்காமல் விட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். அம்மா தேடிய படம் என்னிடம் இருந்தது. வவுனியாவில் ஒருவரிடம் பென் டிரைவில் வாங்கி வந்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். கைகள் கட்டப்பட்ட ஆட்களைச் சுடுகிற காட்சி அதில் இருக்கிறது. அந்த முகங்களுக்குள் ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடுவாள் என்றால் என்ன தேடுகிறாள் என்று எனக்கு விளங்காமலில்லை. பத்துச் சதமும் செலவில்லாமல் காட்டியிருக்கலாம். காட்டக்கூடாது என்று நினைத்திருந்தால் அதையாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அந்த நாட்களில் அப்படியொன்று வீட்டில் இருப்பதே ஆபத்து. புலனாய்வுக்காரர் ஒழுங்கைக்குள் திரிவார்கள். பயம் என்று சொல்லி இதிலிருந்து கழன்றுவிடலாம், கேட்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பயந்தவன் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பான். நான் முற்பணம் வாங்கிக்கொண்டு போனேன்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அம்மாவை அந்தக் கொட்டகையில் கண்டேன். அவாதான் முதலில் கண்டு கூப்பிட்டா. கோபமில்லை. வீடு ஒருமாதிரிக் கடன்பட்டு முடிந்ததாம். தங்கை அனுப்பிய போனில் இப்போது எல்லாம் பார்க்கலாமாம். "அதைப் பாத்திட்டன் தம்பி, அதிலை அவன் இல்லை" என்றா. டிஷ்ஷைப் பற்றிக் கேட்டபோது, உங்களுக்கும் அது சரிவரேல்லைத்தானே, பாவம் எத்தினை தரம் வந்தனீங்கள் என்று எனக்கே பரிந்து பேசினா. நான் ஓமென்று தலையாட்டினேன்.

போன் வந்து டிஷ் வேலையும் படுத்துவிட்டது. இப்போது கடைகளுக்கும் வீடுகளுக்கும் கமரா பூட்டுகிறேன். 32,000 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க வசதி இல்லாமலில்லை. கொடுக்கப் போனால் எதற்குக் கொடுக்கிறாய் என்று அம்மா கேட்பா. லாச்சிக்குள் இருந்ததையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் இன்னும் போகவில்லை.