லூசர்ன் ஏரிப்படுகையில் ஒரு வார இறுதி: மறுநிரப்பு மோட்டார்கள் பற்றிய குறிப்புகள்

வெள்ளி, மாலை

கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் உள்ள லூசர்ன் வறண்ட ஏரிப்படுகையில் மறுநாள் ஏவப்படவுள்ள பொழுதுபோக்கு ராக்கெட்டுகளுக்கான மோட்டார்களை, அனுபவம் உள்ளவர்கள் முந்தின மாலையே அறைக்குள் அமர்ந்து பொருத்திவைக்க விரும்புகின்றனர். புழுதி பறக்கும் ஏவுதளத்தில், மசகு பூசிய ரப்பர் வளையத்தில் ஒட்டும் மணல் துகள்கூட உயர் அழுத்த வாயு கசிய வழி திறந்துவிடக்கூடும்.

மேசைமேல் இருப்பது ஏரோடெக் நிறுவனத்தின் 'எச் 128 டபிள்யூ' மறுநிரப்புத் தொகுதி. 'எச்' என்பது 160 நியூட்டன்-வினாடிக்கு மேல் 320 வரையிலான மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவைக் குறிக்கும் வகுப்பு. 128 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. டபிள்யூ என்பது 'ஒயிட் லைட்னிங்' என்னும் உந்துபொருள் வகை. வகுப்பெழுத்து ஒன்று கூடும்போதெல்லாம் மேல்வரம்பு இரட்டிப்பதால், 'எம்' வகுப்பு 10,240 நியூட்டன்-வினாடி வரை எட்டிவிடுகிறது.

பலமுறை பயன்படும் அலுமினிய உறையும் அதன் இரு முனைகளிலும் திருகப்படும் மூடிகளும் மட்டுமே நிலையானவை. ஏனைய அனைத்தும் ஒவ்வொரு பறத்தலுக்கும் புதிதாக இடப்படுபவை. நடுவில் துளையுள்ள உருளைகளான உந்துபொருள் துண்டுகள், உறையை வெப்பத்திலிருந்து காக்கும் உட்குழாய்க்குள் வரிசையாக நுழைகின்றன. பின்முனையில் வாயுவைக் குவித்து வெளியேற்றும் நாசில் அமர்கிறது. முன்மூடிக்குள் தாமதத் துண்டு, அதாவது உந்துதல் முடிந்தபின்னும் ராக்கெட் உச்சியை எட்டும்வரை மெதுவாக எரிந்து நேரத்தைக் கடத்தும் சிறு உருளை, தனக்கென ஒரு வளையத்துடன் பொருந்துகிறது. அது எரிந்து முடியும் கணத்தில் மூடியின் மேற்குழியில் உள்ள கருமருந்து பற்றிப் பாராசூட்டை வெளித்தள்ளும்.

இவ்வேலையில் கைகள் கற்க வேண்டியது பெரும்பாலும் ஓ-ரிங் எனப்படும் அவ்வளையங்களைப் பற்றியதே. விரல்நுனியில் சிறிது மசகெடுத்து வளையத்தை விரல்களிடையே சுழற்றும்போது, அதன் பரப்பு முழுவதும் பளபளக்க வேண்டும், ஆனால் எங்கும் திரண்டு நிற்கக் கூடாது; அதே மசகு தாமதத் துண்டின் எரிமுகத்திலோ உந்துபொருளிலோ படவும் கூடாது. மூடிகள் கையால் இறுக்கும்போதே உறையின் விளிம்போடு இடைவெளியின்றிப் பொருந்திவிட வேண்டும். இடைவெளி தெரிந்தால் உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று கொண்டு, பலங்கொண்டு இறுக்காமல், மொத்தத்தையும் பிரித்து மீண்டும் தொடங்குவதே முறை.

வெள்ளி, இரவு

இத்துண்டுகள் கூட்டு உந்துபொருளால் ஆனவை. அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருகிறது. அலுமினியத் தூள் வெப்பத்தைக் கூட்டுகிறது. செயற்கை ரப்பர் ஒன்று இவற்றைப் பிணைப்பதோடு தானும் எரிபொருளாகிறது. இறுகியபின் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான்போல நெகிழ்வுடன் இருக்கும் இப்பொருள், ஒரே எடைக்குக் கருமருந்தைவிட இரு மடங்குக்கும் மேலான கணத்தாக்கைத் தரவல்லது. 1958 முதல் எஸ்டெஸ் நிறுவனம் பொறிகளைக் கொண்டு பெருமளவில் செய்துவந்த காகிதக்குழல் கருமருந்து மோட்டார்கள் சிறுவர்களின் ராக்கெட்டுகளுக்குப் போதுமானவையாக இருந்தும், பெரிய ராக்கெட்டுகளைக் கட்டியோர் கூட்டு உந்துபொருளை நாடியதற்கு இதுவே காரணம்.

இதன் மூலத்தை 1942இல் காணலாம். பாசடீனாவில் ஜாக் பார்சன்ஸ், தாரும் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் கலந்து வார்க்கக்கூடிய திண்ம உந்துபொருளை உருவாக்கினார். அந்த மரபு வளர்ந்து விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளில் அம்மோனியம் பெர்குளோரேட்டை சுமார் 70 விழுக்காடு கொண்ட கலவையாக நின்றது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் அழிந்ததும் அப்பக்கவாட்டு ராக்கெட் ஒன்றின் இணைப்பில் குளிரால் விறைத்த ஓ-ரிங் வாயுவைத் தடுக்கத் தவறியதனால்தான். அளவில் எவ்வளவு வேறுபட்டாலும், மேசைமேல் உள்ள சிறு வளையத்தின் கடமையும் அதுவே.

சனி, காலை

கூட்டு உந்துபொருள் எளிதில் பற்றுவதில்லை. மின்சாரத்தால் பற்றும் தீமூட்டியை நாசில் வழியே துளையின் மேல்முனை வரை செலுத்தினால்தான், சுடர் துளை முழுவதையும் வருடி இறங்கி, எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எரியத் தொடங்கும். எரியும்போது உட்துளை விரிந்து எரிபரப்பு பெருகினாலும், துண்டுகள் இரு முனைகளிலும் தேய்ந்து குறுகுவதால் அப்பெருக்கம் பெரிதும் ஈடாகி, உந்துவிசை அதிகம் ஏறி இறங்காமல் நிற்கிறது. ராக்கெட்டை ஏவுதாங்கியில் நிறுத்தியபின்னரே தீமூட்டி செருகப்படுகிறது. 'எச்' வகுப்புக்கு 30 மீட்டரும் 'எம்' வகுப்புக்கு 150 மீட்டரும் விலகி நின்றே ஏவ வேண்டும் என்பது விதி.

சனி, பிற்பகல்

ஏறிக்கொண்டிருந்த ஒரு ராக்கெட்டின் பாராசூட், மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்போதே வெளிப்பட்டுக் கிழிந்தது. மோட்டாரைப் பிரித்துப் பார்த்ததில், முன்மூடிக்குள் தாமதத் துண்டுக்குரிய வளையம் இடப்படவே இல்லை. வாயு அத்துண்டைச் சுற்றி ஓடி நேராகக் கருமருந்தைப் பற்றவைத்திருந்தது. அறிவுறுத்தல் தாளை ஒவ்வொரு படியாகக் குறியிட்டுக்கொண்டே பொருத்தியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

வெற்றிகரமாக இறங்கியவற்றின் உறைகளை அன்றே கழுவிவிட வேண்டும். கரி இளகியிருக்கும்போது எளிதில் வந்துவிடும் உட்குழாய், நாட்பட விட்டால் உறையோடு இறுகிவிடுவதுடன், எஞ்சிய படிவு திருகுமரைகளையும் அரிக்கும்.

ஞாயிறு

புதிய மோட்டார்கள் இவ்வேலையை வேகமாகக் குறைத்துவருகின்றன. கனடாவின் செசரோனி நிறுவனம் துண்டுகளையும் நாசிலையும் ஒரே பொதியாகச் சேர்த்தே அனுப்புவதால், அதை உறைக்குள் தள்ளி மூடியைத் திருகுவதோடு பணி முடிகிறது. ஏரோடெக்கின் ஒருமுறை மோட்டார்களில் தாமதத் துண்டைத் துளையிட்டு நேரத்தைக் குறைப்பதும் கருமருந்தை இடுவதுமே பயனாளியின் வேலை. ஸ்ட்ரான்சியம் சேர்ந்த சிவப்புச் சுடர்களும், பேரியம் சேர்ந்த பச்சைச் சுடர்களும், டைட்டானியம் துகள்களால் பொறி பறக்கும் வகைகளும் கண்ணுக்கு விருந்தே. ஆயினும் பொறி பறப்பவை புல்வெளியில் தீ மூட்டக்கூடியவை என்பதால் இத்தகைய வறண்ட ஏரிப்படுகைகளுக்கே உரியவை.

இவையனைத்தும் தாராளமாகக் கிடைப்பதன் பின்னால் ஒரு நீண்ட வழக்கு உண்டு. இவ்வுந்துபொருளை வெடிபொருட்கள் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசுத் துறையை எதிர்த்து, தேசிய ராக்கெட்டியல் சங்கமும் டிரிபோலி சங்கமும் 2000இல் தொடுத்த வழக்கில், 2009 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் அப்பட்டியலிலிருந்து அதை நீக்கத் தீர்ப்பளித்தது. கையாளும் பொறுப்பு அதன்பின் பெரிதும் சங்கங்களின் சான்றிதழ் முறையின் மீதே விழுந்தது.

அப்பொறுப்பை எண்ணினால், புதிதாக வருவோர் ஒருமுறை மோட்டாரின் எளிமையைப் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் அனுபவிக்கலாம். முதல்நிலைச் சான்றிதழுக்கான 'எச்' வகுப்புப் பறத்தலையாவது, தேர்ந்தவர் ஒருவர் உடனிருக்க, தம் கையாலேயே வளையமிட்டுப் பொருத்திய மறுநிரப்பு மோட்டாரில் நிகழ்த்துவதே தகும்.