களையா, பயிரா?

"தூக்கில் போடவேண்டும் இவனை!" திருவரங்கத்துத் தேநீர்க் கடையில், நாளேட்டை மடித்தபடி முழங்கினார் பெரியவர். "ஆமாம், களையெடுத்தால்தானே பயிர் வாழும்? வள்ளுவரே சொன்னாரே!" என்றார் அருகிலிருந்தவர். ஆராய்ந்து பார் என்றவரும் அதே வள்ளுவர்தான்! ஆயினும் நான் வாய் திறக்கவில்லை.

காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்கு நடந்தேன்; நெஞ்சு உறுத்திற்று. 1999-இல், இராசீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் தூக்குத் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தபோது, 'சரிதான்' என்று தலையசைத்தவர்களுள் நானும் ஒருவன்!

2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். உயர்நீதிமன்றத் தடை உயிர் காத்தது. ஈராண்டு கழித்து, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே வாய் திறந்தார்: மின்கலம் எதற்கென்று தெரியாமல் வாங்கித் தந்ததாக அவர் சொன்னதை, எழுதாமல் விட்டுவிட்டாராம்! 2014-இல் கருணை மனுவின் காலத்தாழ்வால் தூக்கு நீங்கிற்று. 2022-இல் விடுதலை வந்தது. கயிறு முந்தியிருந்தால்?

மக்கள் கேட்கிறார்கள், ஆகவே தூக்குமேடை நிற்கிறது என்கிறார்கள். யார் அந்த மக்கள்? அன்று தலையசைத்த நான். இன்று வாய்மூடி வந்த நான்!

தோழர்களே! களையென்று பிடுங்கியது பயிரென்று தெரிந்தால், மீண்டும் நடமுடியுமா? நாளை அந்தக் கடைக்குச் செல்வேன்; கேட்பேன்.