கழுந்தும் காடியும்

மர அலமாரிக் கதவு செய்கிறவர்கள் கவனிக்க: பசை மூலைகளுக்கு மட்டும்தான். சட்டத்தின் கழுந்துகள் துளைக்குள் இறுக உட்காரட்டும், அங்கே தாராளமாகப் பூசலாம். நடுப்பலகையில் ஒரு சொட்டுகூடக் கூடாது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. பலகை செருகும் சட்டத்தின் காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டால் பலகை தன்பாட்டுக்குப் போய்வரும். ஒட்டிவைத்தால் கோடையில் வெடிக்கும்.

மூலை மூட்டை இறுக்க எனக்குப் பிடித்தது மர ஆணி. கழுந்தில் போடும் ஓட்டையை, துளைச் சட்டத்தின் ஓட்டைக்கு நேராக இல்லாமல், கழுந்தின் தோள்பக்கமாக 1 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார் எங்கள் ஆசாரி. ஆணியை அடிக்க அடிக்க மூட்டு கிறீச்சென்று இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த இடுக்கில் நகம்கூட நுழையாது! (பிளைவுட்டில் இந்தச் சுகமெல்லாம் ஏது?)

இன்னொன்று, பலகையைச் சட்டத்தில் மாட்டும் முன்பே அதற்குப் பாலிஷ் போட்டுவிடுங்கள். பிறகு போட்டால், பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெளிறிய கோடு பல்லிளிக்கும்.