இடப்புறத் திரையின் வழக்கு

இயந்திரம் ஒன்று பிழை செய்யுங்கால், அதன் பழி முதலிற் சென்று சேர்வது அதனை இயக்கும் மனிதன் தலையிலேயே. இவ்வுண்மையை நாம் கண்டி நகரிலே நேரிற் கண்டறிந்தோம். அதனை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவ அன்பர்க்கும், இன்று கல்வி பயிலும் இளைஞர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நகரின் மொத்த வியாபார நிலையம் ஒன்றிலே சிட்டை எழுதும் இளைஞர் ஒருவர் பணிபுரிந்தார். அவருடைய கணினிக்கு இரண்டாவது திரை ஒன்று வாங்கி இடப்புறத்தே வைத்தனர். வலப்புறத் திரையிலே சரக்கிருப்பு. இடப்புறத் திரையிலே சிட்டை. சில வாரங்களிலே ஒரு குழப்பம் தோன்றிற்று. சரக்கு வெளியே சென்றிருக்கும். பணமும் பெட்டியில் இருக்கும். கணக்கிலே மட்டும் சிட்டை இராது. இது நாள்தோறும் நிகழ்ந்ததுமன்று. சில நாள் எல்லாம் செவ்வையாகவே இருக்கும். ஆதலின் முதலாளிக்கு ஐயம் பிறந்தது. “இன்று பணம் மிஞ்சுகிறது, நாளை குறைந்தால் யார் பொறுப்பு, தம்பி?” என்றார் அவர். “ஐயா, நான் சேமிக்கும் பொத்தானை அழுத்தத்தான் செய்கிறேன், அது கேட்கவில்லை” என்பதே இளைஞரின் விடை. எவரும் அதனை நம்பினாரில்லை. வேலை மட்டுமன்று, நற்பெயரும் போகும் நிலை.

இந்நிலையிலேதான் நாம் அழைக்கப்பட்டோம். முதலிற் சுட்டியை மாற்றினோம், பயனில்லை. கம்பியை மாற்றினோம், பயனில்லை. பின்னர் இளைஞரை அருகிருத்தி, எப்பொழுது பிழை நேர்கின்றது என்பதை ஒவ்வொன்றாகக் குறித்தோம். சிட்டைச் சாளரம் வலப்புறத் திரையில் இருந்தபோது ஒரு சொடுக்கும் தவறவில்லை. இடப்புறத் திரைக்கு நகர்த்தியதும் எல்லாப் பொத்தான்களும் ஊமையாயின. இரு திரைகளுக்கும் நடுவே பாதிபாதியாக நிறுத்தினோம். வலப்பாதியிலிருந்த பொத்தான்கள் இயங்கின, இடப்பாதியிலிருந்தவை இயங்கவில்லை. இறுதியாக இடப்புறத் திரையையே முதன்மைத் திரையாக அமைத்தோம். உடனே இரண்டு திரைகளிலும் எல்லாம் இயங்கின! கை ஒன்றே, சுட்டி ஒன்றே, திரைகளும் அவையே. மாறியது தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பது மட்டுமே.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். விண்டோஸ் முறைமையிலே முதன்மைத் திரையின் இடது மேல்மூலையே பூச்சியம். அதிலிருந்து வலப்புறம் செல்லும் தூரம் நேர் எண். இடப்புறம் செல்லும் தூரம் எதிர் எண். சொடுக்கு நிகழ்ந்த இடத்தை முறைமை ஒரே எண்ணாகப் பொதிந்து தருகின்றது. அதன் ஒரு பாதி குறுக்குத் தூரம், மறு பாதி நெடுக்குத் தூரம். ஒவ்வொரு பாதியும் 16 துணுக்குகள் கொண்டது. 65,536 வேறுவேறு அளவுகளைக் காட்ட வல்லது. அப்பாதியைப் பிரித்தெடுக்கும்போது எதிர்க்குறியைக் கருதாது விட்டால், பூச்சியத்துக்கு ஒன்று முந்திய எண் 65,535 ஆகிவிடும். இடப்புறம் 200 புள்ளி தள்ளி அழுத்திய சொடுக்கு, வலப்புறம் 65,336ஆம் புள்ளியில் அழுத்தியதாகக் கணக்காகும். அவ்விடத்திலே பொத்தான் ஏது? மென்பொருள் வாளாவிருந்தது.

நம்மூர் வழியிலே சொல்வதாயின், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பூச்சியமாகக் கொள்வோம். கிழக்கே தென்னேக்கும்புரப் பக்கம் செல்வது கூட்டல். மேற்கே பேராதனைப் பக்கம் செல்வது கழித்தல். கழித்தற்குறி அறியாத எழுதுவினைஞன் ஒருவன், மேற்கே 6 கிலோமீற்றர் சென்ற பேருந்தைக் கிழக்கே 65,530 கிலோமீற்றர் சென்றதாக எழுதிவிட்டான் என்க. பூமியைச் சுற்றிவருவதற்கே ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர்தான் வேண்டும்! சாரதி வழி தவறவில்லை; எழுதியவனே தவறினான்.

இவ்வழு எழுந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலே சுட்டியைப் பலரறியக் காட்டினார். 1987இல் வெளிவந்த மக்கின்டோஷ் இரண்டு பல திரைகளை ஏற்றது; விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு அவ்வசதி முறைமையோடு கிடைத்தது 1998இல், விண்டோஸ் 98 உடனேயாம். ஒரே திரை இருந்த காலத்திலே திரையின் இடப்புறத்துக்கு அப்பால் ஓர் இடமே இல்லை. ஆகவே எதிர்க்குறியைப் புறக்கணித்த நிரலும் பிழையின்றி ஓடிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கைந்நூலே, பல திரையுள்ள இடத்தில் அப்பழைய பிரிப்புமுறையைக் கையாளற்க என எச்சரிக்கின்றது. சிட்டை மென்பொருளை எழுதியவரிடம் தொலைபேசியில் இவற்றைக் கூறினோம். எதிர்க்குறியைக் காக்கும் முறையை அவர் இட்டார். திருத்தம் ஒரே வரி. அன்றுமுதல் இடப்புறத் திரையும் பேசலாயிற்று. முதலாளி பெருந்தன்மையுடையவர்; பணியாளர் அனைவரும் கேட்கவே, “தம்பி சொன்னது உண்மை” என்றார்.

மாணவ இளைஞர்களே! பள்ளியிலே எண்கோட்டில் பூச்சியத்துக்கு இடப்புறம் எழுதும் எண்களை வெறும் பரீட்சைப் பாடமென எண்ணற்க. அவற்றை ஒருவர் மறந்தமையால், மற்றொருவரின் நாணயம் ஐயத்துக்கு உள்ளாயிற்று. நாளை நீங்கள் கந்தோர்களிலும் தொழிற்கூடங்களிலும் பிறருடைய பிழையை ஆராயும் பொறுப்பில் அமரலாம். அப்போது, “நான் செய்தேன், அது கேட்கவில்லை” என ஒருவர் கூறின், அச்சொல்லையும் ஒரு சான்றாக ஏற்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்துப் பாருங்கள். நமக்கு வழி காட்டியதும் அவ்விளைஞரின் அச்சொல்லேயாம்.