பிறப்பு யாருக்கும் தீர்ப்பு அல்ல

தோழர்களே, "வம்சக் கோளாறு" என்ற சொல்லை என் வேலையில் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறேன். குழந்தைக்குப் பெயர் தெரியாத நோய் வந்தால் முதலில் வருவது இந்தச் சொல். அடுத்து, தாயை நோக்கி ஒரு விரல் நீளும்.

நான் போய்வரும் ஒரு காலனியில் 14 வயதுப் பெண் ஒருத்திக்குத் திடீரென்று ஒரு கண் மங்கியது. கண்ணை அசைத்தாலே வலி. பள்ளியில் "படிக்கப் பயந்து நடிக்கிறாள்" என்றார்கள். சில வாரங்களில் பார்வை திரும்பியதும் அதையே நிரூபணம் ஆக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கால் மரத்துப்போனது. அலைந்து திரிந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைத் தாக்கும் நோய் இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். குழந்தைகளுக்கு அரிது என்றாலும் வரும்.

மருத்துவமனையில் அந்தத் தாயிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" "உங்க ஏரியா சுத்தமா இருக்குமா?" வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "அப்போ தப்பு என் மேலதானா அக்கா?"

இல்லை. ஏன் இல்லை என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் மரபணு. எம்.எஸ். ஒற்றை மரபணுவால் வரும் நோய் அல்ல. 200க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகின்றன. அவற்றில் பலமானது எச்.எல்.ஏ. வகையைச் சேர்ந்த ஒன்று. அதைச் சுமப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். மரபணுவே எல்லாம் என்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது சுற்றுச்சூழல். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடி பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்று அது கண்டது. ஆனால் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும் இது பங்களாவுக்கும் போகும், குடிசைக்கும் போகும். நெருக்கமாக வாழும் ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலும் சிறுவயதிலேயே சத்தமில்லாமல் தொற்றிவிடுகிறது. வளரிளம் பருவத்தில் காய்ச்சலோடு தொற்றும்போதுதான் ஆபத்து மேலும் கூடுகிறது. ஆக, சேரியின் "அசுத்தம்" மேல் இந்தப் பழியைப் போட இடமே இல்லை. வீட்டுக்குள் பிறர் விடும் சிகரெட் புகை, வைட்டமின் டி குறைவு, வளரிளம் பருவ உடல்பருமன் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. எதுவும் தனியாக நோயைத் தருவதில்லை.

இன்னொரு செய்தி. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களிடம் எம்.எஸ். குறைவாகவே இருந்தது. அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் ஆபத்து உள்ளூர் அளவை நெருங்கியது. ஒரே ரத்தம், வேறு மண்.

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், ரத்தத் தூய்மையைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தியவர்களை அம்பேத்கர் எதிர்கொண்டார். அந்த வாதம் சாகவில்லை. இன்று மரபணு என்ற புதுச்சட்டை போட்டு வருகிறது. அறிவியலோ பிறப்பு முடிவைச் சொல்லிவிடாது என்கிறது.

"நமக்கெல்லாம் இது வராது" என்பதும் ஆபத்தான பேச்சு. அமெரிக்காவில் எம்.எஸ். வெள்ளையரின் நோய் என்றே நீண்டகாலம் நம்பினார்கள். 2013இல் தெற்குக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு, வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்குப் புதிதாக நோய் வரும் விகிதம் அதிகம் என்று காட்டியது. யாருக்கு வராது என்று முடிவு செய்துவிட்டோமோ, அவர்களிடம் நாம் தேடுவதே இல்லை. "நடிக்கிறாள்" என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், கை கால் நாள்கணக்கில் மரத்திருந்தால், நடை தள்ளாடினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் நோய் திரும்பத் தாக்குவதைக் குறைக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழில் 40 சதவீதம் வேண்டும். வந்து வந்து போகும் நோய்க்கு, நன்றாக நடக்கும் நாளில் அளந்து குறைத்துப் போடுவார்கள். அந்த மேசையின் முன்னால் ஒரு தாய் தனியாக நிற்கக் கூடாது. கூடப் போங்கள்.