ஏழு நாள் லீவுல இந்தோனேசியா

மில்லுல வேலை பாக்குறவனுக்குச் சம்பளத்தை விட லீவு பெரிய சொத்து மக்களே. பணத்தைக் கடன் வாங்கலாம், சீட்டு எடுக்கலாம், மோதிரத்தை அடகு வைக்கலாம். லீவை எந்த மார்வாடி கடையில வாங்குறது?

கணக்கு ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. நாங்க போன 2025 மே மாசம் நடைமுறையில இருந்தது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம். ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா, இருபது நாளைக்கு ஒரு நாள்னு மறு வருஷம் சம்பளத்தோட லீவு. (அதே வருஷம் நவம்பர் 21-ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து, 240-ங்கிறது 180 ஆயிடுச்சு. இருபதுக்கு ஒண்ணுங்கிறது மாறல.) எனக்குத் தேறினது பதினாலு. அதுல ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்கம்னு ஏப்ரலுக்குள்ளயே நாலு காலி. ஆடிப்பூரத் தேருக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு, யாருக்காவது காய்ச்சல் வந்தா ஒண்ணுன்னு ஒதுக்கினா மிச்சம் ஏழு.

இந்த ஏழை வெச்சு எதுக்கு இந்தோனேசியா? கொடைக்கானல் பத்தாதா? நியாயமான கேள்விதான். எங்க அக்கா அங்க இருக்கா. அத்தான் ராஜபாளையத்துல ஸ்பின்னிங் தொழில் கத்துக்கிட்டு, பண்டுங் பக்கம் ஒரு நூல் மில்லுல மாஸ்டரா போனவர். பண்டுங் சுத்து வட்டாரம், மஜலாயா எல்லாம் பழைய ஜவுளி ஊர்கள். பதினோரு வருஷமாச்சு. அக்கா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, பத்து நாள் இருந்து, அழுதுட்டுப் போவா. அம்மா ஒரு தடவை கூட மக வீட்டைப் பாத்ததில்ல. அம்மாவுக்கு அறுபத்தேழு. அந்தப் பக்கம் என் பொண்ணு ஜூன் 2-ம் தேதி பத்தாங்கிளாஸ் போறா. அதுக்கப்புறம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. இந்தக் கோடையை விட்டா மூணு வருஷத்துக்கு வீட்டுல சிரிக்கவே கூடாது :-)

அம்மாகிட்டச் சொன்னேன். முதல் பதில், "மாட்டை யாருப்பா பாப்பா?"

ரெண்டு கறவை. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பீச்சிப் பால் ஊத்தணும். எங்க வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை உலகமே சப்புக் கொட்டிச் சாப்பிடுது, பால் பீச்சுறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கூட கிடையாது. அதுல ஒரு மாடு சினை வேற, ஜூன்ல ஈனணும். கடைசியில பக்கத்துத் தெரு சின்னம்மா, "நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வாக்கா"ன்னு சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கவே வந்தாங்க.

அடுத்தது தேதி. இங்கதான் அத்தான் ஒரு விஷயம் சொன்னார். இந்தோனேசியாவுல 'சூத்தி பெர்சாமா'ன்னு ஒண்ணு இருக்கு. கூட்டு விடுப்புன்னு வெச்சுக்கலாம். வியாழக்கிழமை பண்டிகை வந்தா நடுவுல வெள்ளி மாட்டிக்குது இல்லையா, மூணு மந்திரிங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டு அந்த வெள்ளியையும் விடுமுறை ஆக்கிடுவாங்க. அப்படி இடுக்குல மாட்டிக்கிற நாளுக்கே அவங்க பாஷையில தனிப் பேரு இருக்கு. ஆஹா, என்ன அருமையான அரசாங்கம்னு வாயைப் பொளக்காதீங்க. தனியார் கம்பெனிக்காரங்களுக்கு அந்த நாளை அவங்க வருஷ லீவுலேர்ந்தே கழிச்சுக்குவாங்க. அங்க சட்டப்படி வருஷ லீவு பன்னெண்டு நாள்தான். நம்ம லீவை எடுத்து நமக்கே தானம் :-(

2025-ல மே 29 வியாழன், கிறிஸ்து விண்ணேற்ற நாள். 30 வெள்ளி, சூத்தி பெர்சாமா. ஆக 29-லேர்ந்து ஜூன் 1 ஞாயிறு வரை அத்தானுக்கு நாலு நாள். எனக்கு மே 24 சனி, அப்புறம் 26-லேர்ந்து 31 வரை ஆறு நாள், மொத்தம் ஏழு. ரெண்டு ஞாயிறு சேர்த்தா ஒம்பது நாள், எட்டு ராத்திரி.

அந்த எட்டு ராத்திரியைப் பங்கு போடத்தான் பாகப்பிரிவினையை விடப் பெரிய சண்டை. அம்மாவுக்கு எட்டும் அக்கா வீட்டுல. பொண்ணுக்கு அஞ்சாவது பாலித் தீவுல. பையனுக்கு எரிமலை. தங்கமணிக்கு, "எங்கயாவது நான் சமைக்காத இடம்." ரெண்டு நாள் பஞ்சாயத்துக்கு அப்புறம் பண்டுங் மூணு, யோக்யகர்த்தா ரெண்டு, பாலி மூணுன்னு தீர்ப்பு. அம்மாவுக்கு மூணு ராத்திரி பத்தாதே, அதனால அக்கா பண்டுங்குலேர்ந்து எங்க கூடவே கிளம்பி வருவா. இதுக்கு மேல என்னால முடியல சாமி.

23-ம் தேதி வெள்ளி, காலை ஷிப்டு முடிச்சு வந்து, காரைப் பிடிச்சு மதுரை வழியா திருச்சி. நடுராத்திரி விமானம், கோலாலம்பூர்ல மாறி, சனிக்கிழமை மதியம் ஜகார்த்தா. விசாவுக்கு ஆளுக்கு அஞ்சு லட்சம்! பயந்துடாதீங்க, அஞ்சு லட்சம் ரூப்பியா. அப்போ நம்ம ஒரு ரூபாய்க்கு அங்க 190 ரூப்பியா போல, ஆக ஒருத்தருக்கு 2,600 ரூபாய் சுமார். வாழ்க்கையில முதல் தடவையா கோடீஸ்வரனா இருந்தேன், ரெண்டு வேளை சாப்பாட்டோட அது கரைஞ்சு போச்சு.

ஜகார்த்தா டிராபிக்ல ஏர்போர்ட்டுலேர்ந்து ஹலிம் ஸ்டேஷன் போகவே ரெண்டு மணி நேரம். அங்கேர்ந்து 'வூஷ்' ரயில். 2023 அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சது, ஜகார்த்தா - பண்டுங் 142 கிலோமீட்டர் பாதை. பெட்டிக்குள்ள போர்டுல 350-ன்னு வேகம் வந்ததும் பையன் கத்தினான். அம்மா ஜன்னலைப் பாத்தபடி, "வயக்காட்டைப் பாக்க விடாம ஓட்டுறானே"ன்னாங்க. அரை மணி நேரத்துல பாடலாராங். அத்தானும் அக்காவும் நின்னாங்க. அங்க நடந்ததை எழுத மாட்டேன், உங்க வீட்டுலயும் அக்கா தங்கச்சி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை அத்தானுக்கு லீவு, எல்லாரும் தாங்குபான் பராகு எரிமலை. கார் கிட்டத்தட்ட விளிம்பு வரை போகுது. கீழ பெரிய பள்ளம், புகை, கந்தக நாத்தம். பையனுக்குப் பரம திருப்தி.

திங்கட்கிழமைதான் விஷயமே. அத்தான் மில்லுக்குப் போயிட்டார். நாங்க எங்கயும் போகல. "ஒரு நாளை வீட்டுக்குள்ளயே வேஸ்ட் பண்றோமேப்பா"ன்னு பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அம்மா அன்னிக்கு அக்கா வீட்டை ஒவ்வொண்ணா பாத்தாங்க. அரிசி டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிப் பாத்தாங்க. தண்ணி எங்கேர்ந்து வருது, பக்கத்து வீட்டுக்காரி நல்லவளா, காய்ச்சல் வந்தா எந்த ஆஸ்பத்திரி, ராத்திரி ஷிப்டுக்கு அத்தான் போனா நீ தனியாவா இருக்க... எல்லாம் விசாரணை. கொண்டு போன சாத்தூர் சேவையும் மோர் மிளகாய் வத்தலையும் அவங்க கையாலயே டப்பாவுல போட்டு அடுக்கினாங்க. பக்கத்து வீட்டு இபு (அங்க வயசுல பெரிய பொம்பளைங்களை இபுன்னுதான் கூப்பிடணும், அம்மான்னு அர்த்தம்) ஒரு தட்டு தெம்பே வறுவல் கொண்டு வந்தாங்க. சோயாவைப் புளிக்க வெச்சுக் கட்டியாக்குறது. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினாங்க. அம்மா தமிழ், அந்தம்மா அவங்க பாஷை. நடுவுல அக்கா மொழிபெயர்க்கப் போனா, "நீ சும்மா இரு, எங்களுக்குப் புரியுது"ன்னுட்டாங்க அம்மா.

புரியாம என்ன, பாதி நம்ம வார்த்தைதானே. கப்பல் அங்கயும் கபால், பெட்டி அங்கயும் பெத்தி. பாஷை 'பஹாசா'. புருஷன் 'சுவாமி'! இதை நான் தங்கமணிகிட்டப் பெருமையாச் சொல்ல, "பொண்டாட்டிக்கு என்னவாம்?"னு கேட்டா. 'இஸ்த்ரி'. அதோட பேச்சை மாத்திட்டேன்.

ஏழு நாள்ல அந்தத் திங்கட்கிழமைக்குப் போட்ட லீவுதான் முழுசா வசூலான லீவுன்னு இன்னிக்கும் சொல்லுவேன்.

செவ்வாய் பகல் பூரா ரயில், மலையும் வயலுமா யோக்யகர்த்தா வரை. புதன்கிழமை காலையில போரோபுதூர். ஒம்பதாம் நூற்றாண்டுப் பௌத்த நினைவுச் சின்னம், 504 புத்தர் சிலை, 72 ஸ்தூபி. மேல ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான்னு அளவு வெச்சு அனுமதி, முன்கூட்டியே பதிவு பண்ணணும். கல்லு தேயக் கூடாதுன்னு 'உபானத்'னு ஒரு பின்னல் செருப்பு கொடுக்குறாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறல. அக்காவும் கீழயே நின்னுட்டா. நாங்க சுத்திட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு மரத்தடியில பேசிக்கிட்டே இருந்தாங்க. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு!

சாயங்காலம் பிரம்பனான். இதுவும் ஒம்பதாம் நூற்றாண்டு, சிவன், விஷ்ணு, பிரம்மான்னு மூணு பெரிய கோயில். சிவன் கோயில் 47 மீட்டர். 2006 மே 27 பூகம்பத்துல நல்லா அடி வாங்கி, அப்புறம் சரி பண்ணியிருக்காங்க. இங்க அம்மாவுக்கு ஒரே குஷி. அண்ணாந்து பாத்துட்டு, "நம்ம ஆண்டாள் கோபுரம் இதை விட உசரம்தானே?"ன்னு கேட்டாங்க. 192 அடின்னு ஊர்ல சொல்ற கணக்குப்படி நாமதான் ஜெயிச்சோம். சாமி கும்பிட்டுட்டு, "விளக்கு போடுறதில்லையா இவங்க?"ன்னு ஒரு கேள்வி. பதில் யார்கிட்டயும் இல்ல.

வியாழன் விமானத்துல பாலி. அத்தான் ஜகார்த்தாவுலேர்ந்து வந்து சேர்ந்துட்டார். ஆனா நூல் மில்லுக்கு ஏது கூட்டு விடுப்பு? மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். கடல்ல முட்டியளவு தண்ணில நின்னுக்கிட்டு, நூல் அறுந்து போறதைப் பத்தி யாரையோ திட்டிக்கிட்டிருந்தார். என் ஜாதி மனுஷன் :-)

வெள்ளிக்கிழமை ஜாதிலூவே போனோம். மலைச் சரிவு பூரா படிப்படியா நெல் வயல். இதைப் பாத்துட்டு எல்லாரும் போட்டோ எடுக்க, அம்மா செருப்பைக் கழட்டிட்டு வரப்புல இறங்கிட்டாங்க. குனிஞ்சு மடையில கை வெச்சுப் பாத்தாங்க. "யாரு தண்ணி திறந்து விடுறது? மேல இருக்கிறவன் அடைச்சுக்க மாட்டானா?" அக்கா டிரைவர்கிட்டக் கேட்டுச் சொன்னா. அவரும் நெல் விவசாயி வீட்டுப் பையன். இதுக்குப் பேரு 'சுபாக்'. ஒரே வாய்க்கால்ல பாயுற நிலக்காரங்க எல்லாம் சேர்ந்த சங்கம். தலைவர் பேரு பெக்காசே. எந்த வயலுக்கு எப்போ தண்ணி, எப்போ நடவு, எப்போ தரிசுன்னு கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. தண்ணிக்குன்னே கோயில்கள் இருக்கு, நெல்லுக்கு 'தேவி ஸ்ரீ'. ஒம்பதாம் நூற்றாண்டுலேர்ந்து வர்ற ஏற்பாடு, 2012-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க.

1970-கள்ல அரசாங்கம் இந்த முறையை ஓரங்கட்டிட்டு, நிறுத்தாம நெல் போடச் சொல்லியிருக்கு. பூச்சி பெருகி, தண்ணித் தகராறு வந்து, விளைச்சல் அடி வாங்கிச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல தரிசு போட்டாத்தான் பூச்சிக்குத் தீனி இல்லாம சாகும்னு, ஸ்டீபன் லான்சிங்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் பிற்பாடு கணக்குப் போட்டுக் காட்டினார்.

அம்மா கேட்டுட்டு, "நமக்கும் நீர்ப்பாச்சி இருந்தாரே. பிளவக்கல் அணை திறந்தா கம்பைத் தூக்கிட்டு அவர்தானே ராத்திரி பகலா அலைவாரு"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நிலம் கூட ஓய்வு எடுக்குதுபா இங்க"ன்னாங்க.

சனிக்கிழமை ராத்திரி அக்கா கேட்டே விட்டா. "விசா முப்பது நாளைக்கு இருக்கும்மா. அவனுக்குத்தான் லீவு இல்ல, உனக்கென்ன? இருந்துட்டு வா. டிக்கெட்டை மாத்திக்கலாம்." நான் வாயைத் திறக்கல. உண்மையில, இருக்கணும்னுதான் நினைச்சேன். கோலாலம்பூர்ல தமிழ் பேசுறவங்க இருக்காங்க, மாறி வந்துடலாம்.

அம்மா அரை நிமிஷம் யோசிச்சாங்க. "சினை மாட்டை விட்டுட்டா எப்படிம்மா? சின்னம்மா வீட்டுலயும் வேலை கிடக்குமில்ல. அடுத்த தடவை வந்தா ஒரு மாசம் இருக்கேன்." அக்கா அதுக்கு மேல கேட்கல.

எனக்குச் சட்டம் இருபதுக்கு ஒண்ணு குடுக்குது. அத்தானுக்குப் பன்னெண்டு, அதுலயும் மந்திரிங்க கை வைக்கிறாங்க. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் ரெண்டு மாசம் போல விடுது. எங்க அம்மாவுக்கு ஒம்பது நாள், அதுவும் பக்கத்துத் தெரு சின்னம்மா சாங்ஷன் பண்ணினது. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அதுதான் முதல் லீவு. தேதி போடும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பாக்கணும்னு இப்போ எங்க வீட்டுல ஒரு பேச்சு.

ஞாயிறு பாலியிலேர்ந்து கிளம்பி, ராத்திரி திருச்சி, திங்கள் விடியக்காலை புதுப்பட்டி. கார்லேர்ந்து இறங்கினதும் அம்மா வீட்டுக்குள்ள போகல, நேரா தொழுவத்துக்குப் போயிட்டாங்க. பிள்ளைங்க குளிச்சுட்டு ஸ்கூலுக்கு, நான் மில்லுக்கு. மாடு பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் ஈன்னுச்சு, கிடாரி. என் பொண்ணு வெச்ச பேரு தேவி ஸ்ரீ.

போறவங்களுக்கு ரெண்டே விஷயம். பாலிக்குத் தனியா ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூப்பியா வரி உண்டு, 2024 பிப்ரவரியிலேர்ந்து. மார்ச் மாசம்னா 'ந்யெபி' தேதியைப் பாத்துக்குங்க, அன்னிக்குப் பாலி ஏர்போர்ட்டையே இருபத்திநாலு மணி நேரம் மூடிடுவாங்க. ஒரு நாள் லீவு பணால். அந்த வலி நமக்குத்தானே தெரியும்!